சிவப்பு வெளிச்சமும் இரண்டு கால்களும்

என் கணவருக்குக் கால் எரிவு தொடங்கியது கடை எரிந்த பிறகுதான். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதென்று எங்கள் ஊர் நாரந்தனையில் சொல்லாத ஆள் இல்லை. “அந்தச் சூடுதான் காலிலை இறங்கியிருக்கு” என்று விசாரிக்க வந்த ஒவ்வொருவரும் சொல்லிவிட்டு, நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்கவே இல்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்தில், தெற்கே நாங்கள் இருந்த சின்னப் பட்டினத்தில் எங்கள் கடை எரிந்தபோது இவர் அதற்குக் கிட்டவே நிற்கவில்லை. பின்வளவால் ஓடி, எங்களோடு நல்லாகப் பழகிய ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டில் நெல் மூட்டைகளுக்கு நடுவில் குந்தியிருந்தார். இவருக்கு எரிவு வந்தது அதற்கு எவ்வளவோ பிறகு. ஊருக்கு வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் துப்புரவாக்கி, இனி மூச்சு விடலாம் என்று இருந்தபோதுதான் வந்தது. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, முந்தியே இருந்தது. தேத்தண்ணிக்குச் சீனியைக் குறைத்ததோடு வருத்தத்தையும் குறைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர்.

பின்னேரமானால் இரண்டு பாதமும் பற்றத் தொடங்கும். சீமெந்து நிலத்தில் தண்ணீரை ஊற்றி அதன்மேல் காலை வைத்துக்கொண்டு கதிரையில் இருப்பார். அதுவும் காணாதென்றால் கிணற்றடிக்குப் போய் வாளித் தண்ணீருக்குள் காலை விட்டபடி பேப்பர் வாசிப்பார். படுக்கும்போது போர்வை நுனி பட்டால்கூட காலை இழுத்துக்கொள்வார். கொழும்பிலிருந்து வந்த குளிசை, நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் தந்த எண்ணெய், ஆரோ சொன்ன மருதோன்றி எல்லாம் பார்த்தாயிற்று. வேப்பெண்ணெய் மணம் தலையணைக்குள்ளும் புகுந்ததுதான் மிச்சம்.

எனக்கு அவர் காலைப் பற்றிக் கவலை. அவருக்குக் கடையைப் பற்றிக் கவலை. ஊர்காவற்றுறையில், துறைமுகத்துக்குப் போகிற வழியில், அவருடைய ஒன்றுவிட்ட அண்ணையின் கடையறை ஒன்று பூட்டியபடி கிடந்தது. எப்போது வேண்டுமென்றாலும் பூட்டின் திறப்பை வந்து வாங்கலாம் என்று அந்த அண்ணை சொல்லியிருந்தார். கடை இல்லாத நாட்களில் என் கணவரைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்காது. வீட்டு அரிசிப் பானையைத் திறந்து பார்த்து, “இன்னும் நாலு நாளைக்குக் காணும்” என்று எனக்குக் கணக்குச் சொல்லுவார். குசினித் தட்டில் இருந்த போத்தல்களை எடுத்துத் துடைத்து, பெரியது பின்னால் சின்னது முன்னால் என்று அடுக்குவார். ஆனாலும் நான் ஒரே பிடியாக நின்றேன்.

“கால் சரிவரட்டும், பிறகு கடை. நாள் முழுக்க நிண்டு விக்கிற வேலை. உந்தக் காலோடை ஏலாது.”

“கடை திறந்தால் கால் தன்ரபாட்டிலை சரிவரும்.”

“அப்பிடியெண்டு ஆஸ்பத்திரியிலை எழுதித் தரட்டும், நான் திறப்பு வாங்கித் தாறன்.”

இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எத்தனை தரம் நடந்திருக்கும் என்று சொல்லத் தெரியாது. இப்படி இருக்கும்போதுதான் ஜேர்மனியிலிருந்து விளக்கு வந்தது.

எங்கள் மூத்தவன் கலவரத்துக்குப் பிறகு அங்கே போனவன். பார்சல் கொழும்புக்கு வந்து, கொழும்பிலிருந்து ஒரு உறவுக்காரர் கையில் யாழ்ப்பாணம் வந்து, யாழ்ப்பாணத்திலிருந்து நான் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வழியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். பெட்டியைத் திறந்த பெடியன் உள்ளே இருந்த பெரிய சிவப்புப் பல்ப்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். தெற்கில் பழகிய சிங்களத்தில், கால் வருத்தத்துக்கு என்றேன். அவன் நம்பவில்லை போலிருந்தது. நான் சட்டென்று நொண்டி நடந்து காட்டினேன். சிரித்துவிட்டுப் பெட்டியை மூடித் தந்தான். சும்மா இருந்த என் கால் வீடு வருமட்டும் உளைந்ததுபோல இருந்தது.

பெட்டிக்குள் மகன் பேசிப் பதிந்த ஒரு கசற்றும் இருந்தது. அப்போதெல்லாம் கடிதத்தைவிடக் கசற்தான் எங்களுக்கு விருப்பம். ரேப் ரெக்கோடரைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் முன்னால் இருந்தோம். மகனுடைய குரல் தடிமனாகிப் போயிருந்தது. “அம்மா, இஞ்சை நரம்பு நோவுக்கு உந்த வெளிச்சம் பிடிக்கிறவை. பின்னேரத்திலை கொஞ்ச நேரம் அப்பாவின்ரை காலுக்குப் பிடியுங்கோ. ஒரு முழத்துக்குக் கிட்ட வையாதேங்கோ. இதமாய் இருக்கவேணும், சுடக்கூடாது.” பிறகு அங்கத்தைய குளிரைப் பற்றிச் சொன்னான். பின்னால் ஆரோ சட்டி கழுவுகிற சத்தம் கேட்டது. இவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதல் நாள் பின்னேரம் விறாந்தையை ஒட்டிய அறையில் ஸ்ரூலில் விளக்கை வைத்து, இவரைக் கதிரையில் இருத்தி, ஒரு முழம் அளந்து சுவிச்சைப் போட்டேன். அறை சிவந்தது. நானும் அவரும் சுவரும் எல்லாம் ஒரே நிறம். ஆனால் காலடியில் என் கையை வைத்துப் பார்த்தால் சூடென்று ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்துக் கறண்ட் அப்படி. பொழுதுபட்டு எல்லா வீட்டிலும் பல்ப் போட்டார்களென்றால் அதற்கு உயிர் இருக்காது. ரியூப் லைற் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டியே இருக்கும், பிடிக்காது. குண்டு பல்ப் பூசணிப்பூ நிறத்தில் எரியும். ஜேர்மனிக் கறண்டுக்குச் செய்த விளக்கு எங்கள் கறண்டில் வந்து சோர்ந்துபோயிருந்தது. ஆகவே அதைக் கிட்ட நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். ஒரு சாண் அளவுக்கு வந்தபோதுதான் என் கைக்கு இதமான சூடு பட்டது. ஒவ்வொரு நாளும் அளக்க வேண்டாமென்று, ஸ்ரூல் கால்கள் நிற்கிற இடத்திலும் அவருடைய குதிக்கால் இருக்கிற இடத்திலும் வெண்கட்டியால் கோடு போட்டேன். எதையும் ஒழுங்காகச் செய்தால்தான் அதன் பலன் தெரியும் என்பது என் குணம்.

பலன் தெரியவேண்டும் என்ற ஆசை எனக்கு அவரைவிடக் கூட. வெளிச்சம் எப்படி மருந்தாகும் என்ற கேள்வி என்னை விடவில்லை. எண்ணெய் பூசினால் ஊறும், குளிசை விழுங்கினால் வயிற்றுக்குள் போகும். வெளிச்சம் தோலுக்கு மேலேயே நின்றுவிடாதா? ஒரு நாள் டோச் லைற்றை எடுத்து என் உள்ளங்கையால் பொத்திப் பிடித்தேன். விரல்களுக்கு நடுவில் சதை செக்கச் சிவப்பாகத் தெரிந்தது. சின்ன வயதில் எல்லோரும் செய்து பார்த்த விளையாட்டுத்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு அது புதிதாக இருந்தது. சதைக்குள்ளால் வெளிச்சம் வருகிறது, அதிலும் சிவப்புத்தான் வருகிறது. மகன் அனுப்பிய விளக்கும் சிவப்பு. அந்த ஒரு விஷயத்துக்காக நான் அன்றைக்கு முழுவதும் சந்தோஷமாகத் திரிந்தேன்.

அடுத்ததாக, வேலை செய்வது வெளிச்சமா சூடா என்று பார்க்க நினைத்தேன். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒரு காலுக்கு ஒத்தணம் பிடித்தேன், மற்றக் காலை விளக்குக்கு விட்டேன். சில நாள் இப்படிச் செய்தபின் எது சுகம் என்று கேட்டேன்.

“விளக்குப் பிடிச்ச கால்தான்.”

“ஏன்?”

“வெளிச்சம் வடிவாய்ப் படுகுது.”

“சூடு எதிலை கூட?”

காலைக் குனிந்து பார்த்துவிட்டு, “விளக்கிலை” என்றார்.

பக்கத்து வளவு அக்கா வேலிக்கு மேலால் இந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, “என்னடியாத்தை, வீட்டுக்கை கோயில் கட்டிறியளோ?” என்று வந்தவ. தன் முழங்காலையும் ஒருக்கால் காட்டிவிட்டுப் போனா. பிறகு ஒவ்வொரு கிழமையும் வந்தா. சுகமோ என்று கேட்டால், “சுகமோ தெரியாது, ஆனால் இருக்க நல்லாயிருக்கு” என்பா. எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அவவுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னா.

ஆஸ்பத்திரி டொக்டரிடம் சீனிக்கு மருந்து எடுக்கப் போனபோது விளக்கைப் பற்றியும் கேட்டேன். நல்ல பொறுமையான மனிதர். சூட்டினால் இரத்த ஓட்டம் கூடும், நோ கொஞ்சம் குறையலாம், ஆனால் அதை நம்பிச் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை விடவேண்டாம் என்றார். பிறகு இவரைப் பார்த்து, “ஐயா, காலிலை சூடு தெரியுதுதானே?” என்று கேட்டார்.

“ஓம் டொக்டர், நல்லாய்த் தெரியுது.”

இந்த இடத்தில் என் கணவரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கடைக்காரர் வாயில் ‘இல்லை’ என்ற சொல் வரக்கூடாது. அது எங்கள் வியாபாரக் குடும்பங்களில் பால்குடியிலேயே ஊட்டுகிற பழக்கம். பெருங்காயம் முடிந்துவிட்டால் “நாளைக்கு வரும்” என்பார்கள். அது வரவே வராது என்றாலும் “வந்தவுடனை சொல்லி அனுப்புறன்” என்பார்கள். இல்லை என்று சொன்னால் லட்சுமி அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு எழும்பிப் போய்விடுவாளாம். இவர் அதைக் கடையோடு விடவில்லை. வீட்டில் சோறு காணுமோ என்றால் “பாப்பம்” என்பார். காய்ச்சல் இருக்கோ என்றால் “வந்து போகுது” என்பார். கலியாணம் கட்டின நாள் முதல் இவரிடம் நேரடியாக ஒரு ‘இல்லை’ வாங்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மாதங்கள் போக, எரிவு குறையத் தொடங்கியது. இது பொய்யல்ல, நானே பார்த்தேன். கிணற்றடி வாளியை விட்டார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்துக்கொண்டு படுத்தார். நடு இரவில் எழும்பி நடக்கிற சத்தம் நின்றுபோனது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல ஏலாது. மகனுக்குக் கசற்றில், “ராசா, உன்ரை வெளிச்சம் வேலை செய்யுது” என்று நானே பேசி அனுப்பினேன். கடையறைத் திறப்பை வாங்க நானே சம்மதித்தேன். இவர் தராசைத் துலக்கினார், தகரப் பீப்பாய்களுக்குப் பச்சை நிறம் பூசினார். கோயில் திருவிழா முடிந்தபின் வருகிற முதல் நல்ல நாளில் கடை என்று முடிவாயிற்று.

சப்பறத் திருவிழா அன்று நான் கோயிலுக்கு வெளிக்கிட்டேன். இவர் வரவில்லை. கோயில் வீதி மணலில் சனத்துக்குள் நிற்க அலுப்பு என்றார். “நீர் போயிட்டு வாரும். நான் விளக்கைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன்.” கோடு இருந்தது, ஸ்ரூல் இருந்தது, எத்தனையோ நாள் தனியாகவும் பிடித்திருக்கிறார். நான் யோசிக்கவில்லை.

கோயிலில் மேளம் நல்லாக நடந்துகொண்டிருந்தது. ஆனால் சுவாமி வெளியே வரச் சுணங்கும் போலிருந்ததால் அருச்சனை செய்துகொண்டு வெள்ளனவே திரும்பிவிட்டேன். ஒழுங்கையெல்லாம் இருட்டு. வீடுகளில் ஒரு கைவிளக்குக்கூட இல்லை, எல்லோரும் கோயிலில். எங்கள் அறை யன்னல் மட்டும் சிவப்பாக இருந்தது. அவ்வளவு சிவப்பை நான் அதற்கு முதல் பார்த்ததில்லை. முற்றத்து மணல்வரை வந்து விழுந்திருந்தது.

உள்ளே போனேன். இவர் கோட்டில் குதிக்காலை வைத்தபடி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த வெளிச்சத்திலேயே பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். முகத்தில் நல்ல திருப்தி.

“இண்டைக்கு நல்ல வெளிச்சம்,” என்றார். “எரிவெண்டதே தெரியேல்லை.”

நான் விளக்குக்கும் காலுக்கும் நடுவில் கையை வைத்தேன். வைத்த வேகத்திலேயே இழுத்துக்கொண்டேன். சுவிச்சை நிற்பாட்டிவிட்டு டோச் லைற்றை அடித்துப் பார்த்தேன். வலது பாதத்தின் மேற்புறம் கொப்புளம் போட்டு ஒரு இடத்தில் தோல் பிரிந்திருந்தது. இடது காலில் சின்ன விரல்கள் மூன்றும் வெளுத்திருந்தன. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு எங்கே தெரியும்? அவர் குனிந்து தன் காலை ஆரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.  

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் டொக்டர் இவரைக் கண்ணை மூடச் சொல்லி, காலில் பஞ்சால் தொட்டு, பிறகு ஊசிமுனையால் தொட்டு, “தெரியுதோ? இப்ப?” என்று கேட்டுக்கொண்டே மேலே வந்தார். கணுக்காலுக்கு மேல் வந்தபிறகுதான் இவர் சரியாகச் சொன்னார். அதற்குக் கீழே சொன்னதெல்லாம் குருட்டாம்போக்கு. டொக்டர் என்னிடம் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். நரம்பு கெடத் தொடங்கும்போது எரியும். கூடக் கெட்டால் சில பேருக்கு எரிவும் நின்றுபோகும், நோவும் தெரியாது, சூடும் தெரியாது. நான் கசற்றில் பேசி அனுப்பிய சந்தோஷம் என்ன என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எரிவு குணமாகிப் போகவில்லை. எரிவைச் சொல்லுகிற நரம்பு வாய் மூடிக்கொண்டுவிட்டது. இவ்வளவு நாளும் இவர் கண்ணால் சூடு காய்ந்திருக்கிறார். சிவப்பைக் கண்டால் சுகம் என்று சொல்லியிருக்கிறார்.

“புண் ஆழமாய்ப் போனால் காலை எடுக்கவேண்டி வரலாம் அம்மா. கவனமாய்ப் பாருங்கோ,” என்றார் டொக்டர்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு இன்னொரு கேள்வி தலைக்குள் ஓடியது. அதே விளக்கு, அதே கோடு. அன்றைக்கு மட்டும் ஏன் அவ்வளவு சூடு? திருவிழா முடிந்தபின் ஒரு பின்னேரம் விளக்கைப் போட்டுக் கையை வைத்துப் பார்த்தேன். பழையபடி இளஞ்சூடு. விளக்குப் பழுதில்லை. மத்தியானம் போட்டுப் பார்த்தேன், கையை வைக்க ஏலவில்லை. அதற்குப் பிறகுதான் இருட்டாகக் கிடந்த அந்த ஒழுங்கை ஞாபகம் வந்தது. சப்பறத்தன்று ஒரு வீட்டிலும் பல்ப் எரியவில்லை. கோயிலுக்கோ வாடகைக்குப் பிடித்த ஜெனரேற்றர். முழு ஊரின் கறண்டும் போக இடமில்லாமல் எங்கள் ஒரு வீட்டு விளக்குக்கு வந்திருக்கிறது. நான் கோடு போட்டது ஊர் முழுக்க வீட்டில் இருக்கிற பின்னேரங்களுக்கு. ஊர் கோயிலுக்குப் போகிற நாளுக்கு அந்தக் கோடு பொருந்தாது. இதை இவரிடம் சொன்னபோது, “கறண்ட்காரன் தராசிலை கூடப்போட்டு நிறுத்துத் தந்திட்டான்” என்றார். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

புண் ஆற மாரி முழுவதும் பிடித்தது. நான் விளக்கைப் பெட்டிக்குள் வைத்தேன். பக்கத்து வளவு அக்கா கேட்டபோது, முழங்காலில் சூடு தெரிகிற ஆள்தானே என்று கொடுத்துவிட்டேன். “ஒவ்வொரு முறையும் கையை வைச்சுப் பாத்திட்டுத்தான் காலை வைக்கவேணும்” என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவ பிறகு அதைக் கோழிக்குஞ்சுகளுக்குப் பிடித்ததாகக் கேள்வி. எங்கள் வீட்டில் வெளிச்ச வைத்தியம் வேறு மாதிரி ஆயிற்று. காலையில் வெயில் விறாந்தைக்கு வந்ததும் இவரைக் கதிரையில் இருத்தி, இரண்டு காலையும் என் மடியில் வைத்து, விரல் இடுக்கு, குதி, நகக்கண் எல்லாம் பார்ப்பேன். வெயிலைப்போல உண்மை காட்டுகிற வெளிச்சம் இல்லை. சிவப்பு சிவப்பாகத் தெரியும், கறுப்பு கறுப்பாகத் தெரியும்.

அதோடு ஒரு பரிசோதனையும் செய்வேன். கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் கோழி இறகால் காலைத் தடவி, எந்தக் கால், எந்த விரல் என்று கேட்பேன். டொக்டர் செய்ததைப் பார்த்துப் பழகியது. சீனி கட்டுக்குள் வந்தால் கொஞ்சம் கொஞ்சமாக உணர்ச்சி திரும்பலாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். என்ன அதிசயம், புண் மூடிவந்த காலத்தில் இவர் சரியாகச் சொல்லத் தொடங்கினார். “இடக்கால்.” சரி. “வலக்கால் பெருவிரல்.” சரி. ஒன்றிரண்டு பிழைத்தாலும் கன தரம் சரிவந்தது.

“அப்ப கடை திறப்பம்,” என்றார் ஒரு நாள்.

எனக்குச் சந்தேகம் வந்தது. நான் எப்போதும் இடக்காலில் தொடங்கி வலக்காலுக்குப் போகிற ஆள். முப்பது வருஷம் சனத்தின் முகத்தைப் பார்த்து என்ன வாங்க வந்தார்களென்று சொன்ன மனிதருக்கு என் ஒழுங்கைப் பிடிப்பது பெரிய காரியமா? அடுத்த நாள் காலை, கண்ணை மூடச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

“இப்ப?”

“இடக்கால்.”

“எந்த விரல்?”

“பெருவிரல். வடிவாய்த் தெரியுது.”

“கண்ணைத் திறவுங்கோ.”

திறந்தார். என் இரண்டு கையும் மடியில் இருந்தன. இறகு என் கொண்டையில் செருகியிருந்தது. அவர் இறகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு முற்றத்தைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு முடிய முன் கோபம் வந்தது.

“ஏன் இப்பிடிச் செய்யிறியள்? ஆருக்கு விக்கிறியள் இந்தச் சாமானை?”

“இல்லையெண்டு சொன்னால் நீர் கடை திறக்க விடமாட்டீர்.”

“காலிலை உணர்ச்சி வந்தால்தான் கடையெண்டு நான் இனிச் சொல்லேல்லை. அது வராமலும் போகும். ஆனால் இல்லாததை இருக்கெண்டு சொல்லுற ஆளைத் துறையடியிலை விட்டிட்டு என்னாலை வீட்டிலை இருக்க ஏலாது. ஒரு ஆணி ஏறினாலும் எனக்குச் சொல்லமாட்டியள்.”

அன்றைக்கு அவர் என்னோடு கதைக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. செருப்புக் கதையும் அதோடு சேர்ந்து வந்தது. வெறுங்காலோடு ஒரு அடியும் வைக்கக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. காசு போடுகிற லாச்சிக்குப் பக்கத்தில் செருப்போடு நிற்பது இவருக்குக் கோயிலுக்குள் செருப்போடு போவதுபோல. தகப்பனும் தகப்பனின் தகப்பனும் வெறுங்காலோடு நின்று விற்றவர்கள். கடைசியில் நான் யாழ்ப்பாணத்தில் ஒரு புதுச் செருப்பு வாங்கி வந்து, பிரிக்காத பெட்டியோடு அவர் முன்னால் வைத்தேன். “இது வெளிமண்ணை மிதியாது. கடைக்கை இருந்து கடைக்கையே கிடக்கும். தராசு, படிக்கல் மாதிரி இதுவும் கடைச் சாமான்.” அவர் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.  பிறகு அதைத் தராசுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்ததை நான் கண்டேன்.

காலைப் பார்ப்பதை மட்டும் நான் விடவில்லை. கதையாமல் இருந்தாலும் காலை நீட்டுவார், நானும் கதையாமல் பார்ப்பேன். இறகை எடுப்பதில்லை. ஒரு நாள் அவரே, “இறகு எங்கை?” என்று கேட்டார். எடுத்து வந்தேன். கண்ணை மூடிக்கொண்டார். நான் வலது பெருவிரலில் இறகை வைத்து நல்லாக அழுத்தித் தடவினேன்.

“இப்ப?”

முகம் இறுகியது. இடமா வலமா என்று அவர் மனதுக்குள் நிறுத்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. நான் இறகை எடுக்கவில்லை. வேலிக்கு அப்பால் அக்காவின் கோழிகள் கொக்கரித்தன. அவர் வாயைத் திறந்து, மூடி, பிறகு மெதுவாகச் சொன்னார்.

“இல்லை.”

“என்ன?”

“இல்லை. ஒண்டும் தெரியேல்லை.”

கண்ணை மூடியபடியே இருந்தார். கண்ணோரம் நனைந்திருந்தது.  அந்தக் கால் இனி ஒன்றும் சொல்லாது என்று அப்போது இரண்டு பேருக்கும் முடிவாகத் தெரிந்துவிட்டது. ஆனால் காலுக்குப் பதிலாக அவர் சொல்லத் தொடங்கிவிட்டார். நான் எழும்பிப் போய் கடைத் திறப்பை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன்.

கடை திறந்த அன்று தராசுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, ஆரும் காணாதபடி செருப்பு வாரிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டுக் காலை நுழைத்தார். முதலாவதாக வந்தவர் அனலைதீவுக்குப் படகு ஏற நின்ற ஒரு மனிசன். பெருங்காயம் இருக்கோ முதலாளி என்று கேட்டார். பெருங்காயம் வாங்க இவர் மறந்துபோயிருந்தார்.

“நாளைக்கு வரும்,” என்றார் இவர், கொஞ்சமும் யோசியாமல்.

பின்னேரம் வெயில் தாழ முன் வீட்டுக்கு வந்தார். விறாந்தைக் கதிரையில் இருந்து, நான் கேளாமலே இரண்டு காலையும் என் பக்கம் நீட்டினார். நான் விரல் இடுக்குகளைப் பார்த்தேன், குதியைப் பார்த்தேன், இறகை எடுத்தேன்.

“தெரியுதோ?”

“இல்லை,” என்றார். நாள் முழுவதும் கடையில் சொல்லாத சொல்லை எனக்கென்று கொண்டுவந்திருந்தார்.